ஆடியோ ரேக் வாங்குகிறீர்களா? ஆழத்தை எழுதி வாங்குங்கள்

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு மைக், ஸ்பீக்கர், ப்ரொஜெக்டர் எல்லா வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தோம். சாதனங்களில் குறை இல்லை. அவற்றை வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டியான ரேக்கில்தான் ஏமாற்றினார்கள். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம், சர்ச், மண்டபம் என்று யாராவது இந்த வேலையில் இறங்கியிருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கொட்டேஷனில் ரேக்குக்கு ஒரே வரி: ‘ரேக், ஃபிட்டிங் உட்பட, 1 செட்’. அளவு கேட்டதற்கு, “19 இன்ச் ஸ்டாண்டர்டு சார், எல்லாம் கரெக்டா உட்காரும்” என்றார். 19 அங்குலம் என்பது சாதனத்தின் முகப்புத் தகட்டின் அகலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்வார்கள். ஒரு யு 44.45 மி.மீ. இவை எங்கே வாங்கினாலும் மாறாது. ஆழம்தான் ரேக்குக்கு ரேக் மாறும். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வந்து இறங்கியது, சிசிடிவி ரெக்கார்டரும் நெட்வொர்க் சுவிட்சும் வைக்கிற சுவர்ப் பெட்டி. வெளி ஆழமே 450 மி.மீ. ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் எங்கள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மட்டும் 400 மி.மீ.க்கு மேல். அதன் பின்னால் கனெக்டர் செருகி ஒயர் வளைந்து திரும்ப இன்னும் 75 முதல் 100 மி.மீ. வேண்டும். சரி, மாற்றித் தருவார்கள் என்று பார்த்தால், கட்டர் கொண்டுவந்து பின்தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்துவிட்டார்கள். 20 கிலோவை நெருங்கும் ஆம்பை மேல் தட்டில், பின்னால் தாங்கல் ஏதும் இல்லாமல், முன்பக்க நான்கு ஸ்குருவில் தொங்கவிட்டார்கள். அதன் காது, அதாவது ஸ்குரு போடும் முகப்புத் தகட்டின் ஓரம், இப்போது வளைந்திருக்கிறது. பாரமானது அடியில் இருக்க வேண்டும், பின்னாலும் தாங்கல் வேண்டும்.

முன்னால் கண்ணாடிக் கதவு வேறு. எங்கள் ஆம்ப் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும் வகை. ஒரு வரவேற்பு நிகழ்ச்சியின் நடுவே சூடேறித் தானாகவே நின்றுபோனது. போன் செய்தால், “கதவைத் திறந்து வச்சுக்கோங்க சார்” என்கிறார். கார்ட்லெஸ் மைக் ரிசீவரையும் ஆன்டெனாவோடு அதே இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள். அப்புறம் சிக்னல் விட்டு விட்டு வராமல் என்ன செய்யும்?

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். அடுத்து அவர்கள் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மைக், லேப்டாப் ஒலிகளைக் கலந்து ஆம்புக்கு அனுப்பும் மிக்சரில் லேப்டாப்பைச் செருகினால் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று சத்தம் வந்தது. சரிசெய்ய வந்த பையன் ஐந்து நிமிடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனான். கொஞ்ச நாளில், மைக்கைப் பிடித்துப் பேசியவருக்கு உதட்டில் சுருக்கென்று ஷாக் அடித்தது. எங்கள் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தால், மிக்சர், ஆம்ப் இரண்டின் பிளக்கிலும் எர்த் ஒயரைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்! சாதனத்துக்குள் ஃபேஸ் ஒயர் கழன்று உடலில் பட்டிருந்தால், பெட்டி முழுக்க 230 வோல்ட் நின்றிருக்கும். குழந்தைகள் ஏறி ஆடுகிற மேடை அது.

அந்த இரைச்சலுக்கு ஒழுங்கான வைத்தியம் உண்டு. ஆடியோ சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சர்க்யூட்டில் இருந்து, ஒரே எர்த்தோடு கரண்ட் எடுக்க வேண்டும். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே ஆடியோ ஒயரில், ஒலியை மட்டும் கடத்தி மின் இணைப்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். கரண்ட் ஒயரும் மைக் ஒயரும் ஒரே கட்டாகப் போகக்கூடாது. எங்கள் எலக்ட்ரீஷியன் இதைத்தான் செய்தார், இரைச்சல் போய்விட்டது. எர்த்தை வெட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் அந்த ஆளை உடனே வெளியே அனுப்புங்கள்.

கொட்டேஷனிலேயே ரேக்கின் உள் ஆழத்தைக் கேளுங்கள். விலைப்பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வெளி ஆழம். எத்தனை யு, எவ்வளவு எடை தாங்கும், பின்பக்கக் கம்பம் உண்டா, காற்றுத் துளை எங்கே, எந்தச் சாதனம் எந்தத் தட்டில் என்று படமாகவே வரைந்து கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் பாக்கித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். வளைந்த காது, வெட்டிய தகடு, கத்தரித்த ஒயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. “ஃபிட்டிங்குக்கு வாரன்டி கிடையாது” என்பதுதான் இதுவரை வந்த பதில்.