மூன்று ஸ்டார்தான், அதிலும் ஒன்று அந்த வரைபடத்துக்காக

மனநிலையைத் தினமும் குறித்துவைக்கும் ஆப் ஒன்றை நாலு மாதமாக வைத்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, திட்டவும் போகிறேன் என்பதால்.

திறந்ததும் ஒன்பது கேள்வி வரும். பிஹெச்க்யூ-9, டிப்ரஷன் எவ்வளவு என்று அளக்க மருத்துவர்களும் பயன்படுத்துகிற அதே கேள்வித்தாள். கடந்த 2 வாரமாகத் தூக்கம், பசி, கவனம், களைப்பு எப்படி என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடச் சொல்லும், மொத்தம் 27. எனக்கு 16 வந்தது. 10-ஐத் தொட்டாலே லேசானது இல்லை என்று கணக்கு. டிப்ரஷன் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், நானோ அழவே இல்லை. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தால் சட்டையை எடுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்குச் சோம்பேறித்தனம் என்று நானே பெயர் வைத்திருந்தேன். எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதுதான் அந்தத் தாளின் முதல் கேள்வியே.

'இது நோய் முடிவு அல்ல, மருத்துவரைப் பாருங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், அதற்கு ஒரு கும்பிடு. போனேன். அவர் முதலில் தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொன்னார், அவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பாராம்.

இப்போது திட்டு. திரையில் ஒரு செடி வளரும், தினமும் குறிக்காவிட்டால் வாடும். மூன்று நாள் படுக்கையை விட்டு எழவே முடியாத ஒருவருக்கு, 'உங்கள் செடி காய்கிறது' என்று நோட்டிபிகேஷன் அனுப்ப எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! ஆறாவது கேள்வியே தன்னை உருப்படாதவராக நினைக்கிறீர்களா என்பதுதானே ஐயா.

அதைவிட மோசம் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்கிறது. 'சில நாட்கள்' என்று அழுத்தினேன். வண்ணக் காகிதம் பறக்க, 'அருமை, முடித்துவிட்டீர்கள்!' என்றது. அந்த இடத்தில் 0 தவிர எது வந்தாலும் உடனே ஒரு மனிதர் பேச வேண்டும், குறைந்தபட்சம் உதவி எண்ணாவது திரையில் வர வேண்டும். இரண்டு ஸ்டார் அங்கேயே போச்சு.

அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், குறித்த மனநிலையை ஒரு கோடாகப் போட்டுக் காட்டும் அந்த வரைபடம். டிப்ரஷனுக்குத் தந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் பத்தாம் நாளே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன் (சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரலாம், அவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்). மூன்று வாரம் கோடு தரையோடு கிடந்தது, நாலாவது வாரம் லேசாகத் தலை தூக்கியது. எனக்கென்னவோ எப்போதும் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் தோன்றியது, கோட்டைப் பார்த்துத்தான் நம்பினேன். ஒவ்வொரு முறையும் அதையே மருத்துவரிடம் நீட்டிவிடுகிறேன், 'எப்படி இருக்கீங்க' என்பதற்கு வாய் திறந்து பதில் தேட வேண்டியதில்லை.

போட்டுப் பார்ப்பதானால் அமைப்புகளில் கடைசிப் பக்கத்துக்குப் போய் முதலில் அந்தச் செடியை அணைத்துவிடுங்கள்.