லண்டன் ரக்பி பேக்கேஜ்: குன்னூரில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரி பக்கம் ரக்பி பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். பாதிப் பேருக்குப் பாதிப் பேரை முகம் தெரியும். அதனால்தான் இதை எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. 2027 ரக்பி உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா கூட்டிப் போகிறேன், இப்போதே அட்வான்ஸ் கட்டினால் இடம் உறுதி என்று ஒரு டிராவல்ஸ்காரர் நம் ஆட்களிடம் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். 2025 பிப்ரவரியில் எங்களை லண்டனுக்கு அனுப்பி மைதான வாசலில் அநாதையாக நிற்கவைத்தவர் இவரேதான். வழக்கு நடக்கிறது, எனவே பெயர் போடவில்லை. அவரிடம் பணம் கட்டியவர்களுக்குப் படிக்கும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

போனது நான், என் மச்சான், சித்தப்பா மூன்று பேர். சித்தப்பா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயதில் வெலிங்டனில் ராணுவக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம், எழுபதை நெருங்கியும் விடவில்லை. எங்கள் வீட்டில் கல்கத்தா கோப்பையின் கதை தெரியாத பிள்ளை கிடையாது. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப்பில் ஆள் குறைந்து கலைக்க வேண்டி வந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிக் கோப்பை செய்து 1878-இல் இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்தார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. "நம்ம ஊரு ரூவாயிடா அது, அதுக்குத்தான் அவனுங்க அடிச்சுக்கிறானுங்க" என்பார் சித்தப்பா. அந்த ஆட்டத்தை ஒரு தடவை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

இந்த டிராவல்ஸ்காரர் எங்களுக்கு ரக்பி ரசிகராகத்தான் அறிமுகமானார். ராத்திரி ஆட்டம் பார்க்க நாலு பேர் கூடும் இடங்களுக்கு வருவார், நன்றாகவே பேசுவார். 2024 ஐப்பசி வாக்கில் சித்தப்பாவின் ஆசையைத் தெரிந்துகொண்டு அவரே வீடு தேடி வந்தார். "ஐயா, உங்கள கூட்டிட்டுப் போக வேண்டியது என் பொறுப்புங்க" என்றார். ஆளுக்கு 3,40,000 ரூபாய். விமானம், விசா வேலை, மைதானத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் ஹோட்டல், மேற்கு ஸ்டாண்டில் கீழ்த்தட்டு இருக்கை, ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குள்ளேயே சாப்பாடு. இதற்கு மேல் வெளிநாட்டுப் பயணத்துக்கான டி.சி.எஸ். வரி, அப்போதைய 5 சதவீதக் கணக்கில் ஆளுக்கு 17,000. கடை இருந்தது, ஜி.எஸ்.டி. எண் இருந்தது, அந்த எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் அவர் கடைப் பெயரே வந்தது. ரசீதும் கொடுத்தார். விசா முறையாகக் கிடைத்தது, விமான டிக்கெட்டும் உண்மையானது. இவ்வளவும் சரியாக இருந்ததுதான் இந்த ஏமாற்றுக்கே மூலதனம்.

மேட்ச் டிக்கெட்டை மட்டும் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "அது கடைசி நேரத்துலதாங்க ரிலீஸ் பண்ணுவாங்க, சார்." இதில் பாதி உண்மை. மொபைல் டிக்கெட்டுகள் ஆட்டம் நெருங்கும்போதுதான் பெரும்பாலும் போனுக்கு வரும். ஆனால் டிக்கெட் நம் பெயரில் ஒதுக்கப்பட்டதற்கு முன்கூட்டியே ஆதாரம் காட்ட முடியும். அதை அவர் ஒருமுறையும் காட்டவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் மூன்று பி.டி.எஃப். வந்து விழுந்தன. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஹோட்டல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நடக்கிற தூரம் என்றவர் போட்டுக் கொடுத்தது குராய்டனில். மைதானம் இருக்கும் ட்விக்கனத்துக்கு க்ளாப்பம் ஜங்ஷனில் ரயில் மாற வேண்டும். மூன்று பேருக்கு ஒரு அறை, ஹீட்டர் வேலை செய்யவில்லை. நாங்கள் ஊட்டிக் குளிரில் வளர்ந்தவர்கள், பொறுத்துக்கொண்டோம். இதெல்லாம் மன்னிக்கக் கூடிய குற்றம்.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. ஆட்டம் அங்கே மாலை 4.45-க்கு, நமக்கு இரவு 10.15. க்ளாப்பம் ஜங்ஷனில் ஏறிய ரயிலில் கால் வைக்க இடமில்லை. இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டை, ஸ்காட்லாந்தின் நீலச் சட்டை கலந்தே நின்றார்கள். கால்பந்து மாதிரி இரண்டு ஊர்க்காரர்களையும் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் ரக்பியில் கிடையாது. ஸ்காட்லாந்துப் பாவாடையான கில்ட் கட்டிய ஒரு பெரியவர் சித்தப்பாவிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சித்தப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெள்ளி ரூபாய்க் கதையைச் சொல்ல, அந்தப் பெட்டியில் பாதிப் பேர் திரும்பிக் கேட்டார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷனிலிருந்து மைதானம் வரை ஜனங்களோடு நடந்தோம். 1907-இல் அந்த நிலத்தை வாங்கியபோது அது முட்டைக்கோஸ் விளைந்த தோட்டம். இன்றும் அந்த மைதானத்துக்கு அதுதான் செல்லப்பெயர். கேத்தியில் கோஸ் போடுகிற குடும்பம் எங்களுடையது, சித்தப்பா இதைச் சொல்லிக்கொண்டே வந்தார். 82,000 பேர் உட்காரும் கட்டடம் வீடுகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று எழுந்து நின்றபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

வாசலில் ஸ்கேனர் சிவப்பு காட்டியது. மறுபடியும் சிவப்பு. அங்கே நின்ற பணியாளர் ஒரு பெண், எங்களை வரிசையிலிருந்து ஓரமாக அழைத்துப் போய், மூன்று தாள்களையும் தடுப்புக் கம்பிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்கோடுக்குக் கீழே இருந்த எண்ணில் விரலை வைத்தார். மூன்றிலும் அதே எண். இருக்கை எண் மட்டும்தான் வேறு வேறு. பிறகு விரல் தாளின் தலைப்புக்குப் போனது. "ட்விக்கனம் ஸ்டேடியம்" என்று அச்சாகியிருந்தது. 2024-இலேயே அந்த மைதானத்தின் பெயர் அலையன்ஸ் ஸ்டேடியம் என்று மாறிவிட்டது. யாரோ ஒருவருடைய பழைய டிக்கெட்டை எடுத்துத் தேதியையும் இருக்கையையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் செயலியில் மட்டும்தான், தாளில் நாங்கள் தருவதே இல்லை என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். டிக்கெட் அலுவலகத்துக்கும் வழி காட்டினார். அங்கே எங்கள் மூன்று பேர் பெயர், மின்னஞ்சல், டிராவல்ஸ் பெயர் எல்லாம் போட்டுத் தேடினார்கள். எதிலும் ஒரு பதிவும் இல்லை. சாப்பாட்டு வவுச்சரும் அப்படித்தான். விற்க இருக்கையும் இல்லை.

டிராவல்ஸ்காரருக்கு அடித்தேன். எடுத்தார். "அஞ்சு நிமிஷம் சார், லண்டன் பார்ட்னர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்." அதன்பிறகு போன் அணைந்துவிட்டது.

உள்ளே தேசியகீதம் ஆரம்பித்தது. எங்காவது பப்பில் போய் டி.வி.யில் பார்க்கலாம் சித்தப்பா என்றோம். "இவ்ளோ தூரம் வந்துட்டு டி.வி. எதுக்குடா? சத்தமாச்சும் கேக்கட்டும்" என்று சுவரோரமாக நின்றுவிட்டார். மச்சான் போனில் ஆட்டத்தைப் போட்டான். நேரலை அரை நிமிடம் பின்தங்கி ஓடியது. அதாவது, முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் அலறும். எதற்கென்று போனில் பிறகு தெரியும். இடைவேளையில் ஸ்காட்லாந்து 10-7 முன்னிலை. பிறகு இங்கிலாந்து பெனால்டியாக உதைத்து உதைத்து 16-10 என்று ஏறியது. கடைசி நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் வான் டெர் மெர்வ பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து டிரை வைத்தார், 16-15. டிரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இரண்டு புள்ளி எடுக்கும் கன்வர்ஷனை ஃபின் ரஸ்ஸல் உள்ளே உதைத்தால் ஸ்காட்லாந்துக்கு வெற்றி. போனில் அவர் இன்னும் பந்தை நிறுத்திக்கொண்டிருக்கிறார், சுவருக்குப் பின்னால் வெடித்ததே ஒரு ஆரவாரம், நெஞ்சு அதிர்ந்தது. தவறிவிட்டது என்று புரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவர் ஓடி வந்து உதைப்பதைப் பார்த்தோம். மூன்று டிரை வைத்தும் மூன்று கன்வர்ஷனும் தவறி ஸ்காட்லாந்து தோற்றது. 2020-க்குப் பிறகு இங்கிலாந்து அந்தக் கோப்பையைத் தொட்டது அன்றுதான். ரக்பி பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு புள்ளியில் முடிகிற கல்கத்தா கோப்பை ஆட்டம் ஆயுசுக்கும் பேசக்கூடியது. நாங்கள் அதற்குப் பத்தடி தள்ளி வெளியே நின்றோம்.

பணத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. வயசான மனுஷனின் ஆசை இது என்று தெரிந்தே, அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே செய்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பிக் கடைக்குப் போனோம். முதலில் லண்டன் பார்ட்னர் ஏமாற்றிவிட்டான் என்றார். அந்தப் பார்ட்னரின் பெயர், அவருக்குப் பணம் அனுப்பிய ரசீது ஏதாவது காட்டுங்கள் என்றேன். காட்ட ஒன்றுமில்லை. அடுத்து, "மேட்ச்தானே சார் போச்சு, லண்டன் பாத்தீங்கல்ல?" என்றார். சித்தப்பா பதிலே பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியாக, அடுத்த டூரில் ஆளுக்கு ஐம்பதாயிரம் கழித்துக்கொள்கிறேன் என்றார். அந்த அடுத்த டூர்தான் இப்போது விற்கிற உலகக் கோப்பை.

வருமான வரிக் கணக்குப் போடும்போது இன்னொன்று வெளியே வந்தது. டி.சி.எஸ். என்று வாங்கிய பணம் நம் பேன் எண்ணில் வரவு ஆகி, வரித் தளத்தில் 26ஏ.எஸ். படிவத்தில் தெரிய வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். எங்கள் மூவரின் படிவத்திலும் ஒரு ரூபாய்கூட இல்லை. 51,000 ரூபாயை வரி என்று சொல்லி வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். வேறு நாட்டுக்கு டூர் போனவர்களும் உங்கள் 26ஏ.எஸ்.-ஐ இன்றைக்கே திறந்து பாருங்கள்.

உலகக் கோப்பைக்குப் போக நினைக்கிறவர்கள் கவனியுங்கள். 2027 அக்டோபர் 1-இல் பெர்த்தில் தொடங்கி நவம்பர் 13-இல் சிட்னியில் முடிகிறது, முதன்முறையாக 24 அணிகள். நகரத்துக்கு நகரம் மணிக்கணக்கில் விமானத் தூரம், அதனால் பேக்கேஜ் என்று விற்பவர்களுக்கு இது நல்ல அறுவடைக் காலம். மேட்ச் டிக்கெட்டையும் பயணத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைப் போட்டி நடத்துகிறவர்களின் அதிகாரபூர்வத் தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்கிவிட்டு, அப்புறம் எந்த டிராவல்ஸிடமும் விமானமும் ஹோட்டலும் போடலாம். யாராவது டிக்கெட்டோடு பேக்கேஜ் தருகிறேன் என்றால், அதிகாரபூர்வப் பயண முகவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "எங்க பார்ட்னர் அதுல இருக்காங்க" என்றால், அந்தப் பார்ட்னரின் அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்து ரக்பி யூனியன் தன் டிக்கெட்டுகளைக் கள்ளமாக விற்றவர்களின் பெயரை வாங்க, மறுவிற்பனைத் தளம் ஒன்றின்மேல் வழக்குப் போட்டு 2012-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. அந்தளவுக்கு இந்த வியாபாரம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையான டிக்கெட்டாகவே இருந்தாலும் விதியை மீறி விற்கப்பட்டது என்று தெரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள்; வாசலில் நிற்பது நாம்தான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போனது சமீபத்தில் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். நுகர்வோர் வழக்கை ஊட்டியில் உள்ள மாவட்டக் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரில் போடும் உரிமை இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாங்கள் மூவரும் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். நோட்டீஸ் போய், அவர் தரப்பு வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். வழி தெரியாதவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உலகக் கோப்பைக்கு என்று இவரிடம் அட்வான்ஸ் கட்டியவர்கள், டிக்கெட் ஒதுக்கியதற்கான ஆதாரத்தை எழுத்துமூலமாக, ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள், எங்கள் வழக்கில் அதையும் ஆவணமாகச் சேர்க்கிறோம்.