சித்தூரிலிருந்து நாடகம் பார்க்க: சென்னையா, பெங்களூரா?

சித்தூர்க்காரர்களுக்கு ஊர் சுற்றக் கிளம்புவதில் ஒரு வசதி உண்டு, அதுவே தலைவலியும். மேற்கே பஸ் ஏறினால் பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூர். கிழக்கே போனால் சென்னை. இரண்டுமே 150-லிருந்து 180 கிலோமீட்டருக்குள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற வீடு என்பதால் பாஷை ஒரு பிரச்சினையே இல்லை. ஆக, லீவு வந்தாலே "எந்தப் பக்கம்?" என்ற சண்டைதான்.

இந்த முறை சண்டை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் போனோம். தசரா லீவில் பெங்களூர் மூன்று நாள், டிசம்பர் கடைசியில் சென்னை மூன்று நாள். நான், கணவர், இன்டர் படிக்கும் மகள், மாமியார் என்று நான்கு பேர். தங்கல் இரண்டு ஊரிலும் சொந்தக்காரர் வீடு. அதனால் கணக்கில் வருவது சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, மேடை மூன்றும்தான். மேடை என்றுதான் சொல்ல வேண்டும். தியேட்டர் என்றால் சினிமா என்று நினைத்து என் கணவர் உடனே சரி என்றுவிடுவார்.

ஹைதராபாத் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ராத்திரி முழுக்கப் பயணம், அங்கேயே பாதிப் பட்ஜெட் போய்விடும். ஆனால் சுரபி நாடகக் குழுவின் தந்திரக் காட்சிகளைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் செலவு தகும். 1885-இல் நம் கடப்பா பக்கத்துச் சுரபி கிராமத்தில் ஒரு குடும்பமாகத் தொடங்கிய தெலுங்கு நாடகக் குழு அது. அது தனிப் பயணமாகப் போக வேண்டிய விஷயம்.

போக்குவரத்தில் சென்னை ஜெயிக்கிறது. காரணம் எங்கள் வீட்டில் மூன்று பேர் பெண்கள் என்பது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் நால்வர் ஏறினால் கணவர் ஒருவருக்குத்தான் டிக்கெட். கண்டக்டர் இலவச டிக்கெட் மூன்றைக் கிழித்துக் கொடுக்கும்போது அத்தை அதைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த மூன்று நாளில் பதினொரு டிக்கெட் சேர்த்துவிட்டார்.

பெங்களூரில் இதே திட்டம் 2023 ஜூனிலிருந்து உண்டு, சக்தி என்று பெயர். ஆனால் அது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவுக்கு ஜீரோ டிக்கெட், சித்தூர் முகவரி போட்ட ஆதாரை நீட்டிய எங்களுக்கு முழுக் கட்டணம். நம் ஊரிலும் இப்போது பெண்களுக்கு இலவசப் பஸ் உண்டே என்றார் அத்தை. உண்டுதான், ஆனால் ஆந்திரப் பஸ்ஸில், ஆந்திர எல்லைக்குள்.

மெட்ரோவும் அப்படித்தான். சென்னை மெட்ரோ 10 ரூபாயிலிருந்து 50 வரை. மொபைலில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறையும். பெங்களூர் மெட்ரோ (அதன் பெயரே 'நம்ம மெட்ரோ') 2025 பிப்ரவரியில் 10-லிருந்து 90 வரை என்று ஏறியது. ஆனாலும் பெங்களூரில் மெட்ரோவை விட்டுவிடாதீர்கள். கோலார் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை உட்கார்ந்திருக்காமல் கே.ஆர்.புரத்திலேயே இறங்கி, பர்ப்பிள் லைன் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இது காசை விட நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

ஆட்டோவில் மட்டும் நிலைமை தலைகீழ். பெங்களூரில் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. மீட்டர் போடுகிற ஆட்டோ தேடினால் கிடைக்கிறது. சென்னையில் 2013-இல் போட்ட 25 ரூபாய்க் கட்டணம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. பேசித்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆப். இரண்டு ஊரிலும் ரூல்படி மூன்று பேர்தான். நான்காவது ஆள் ஏறுகிற நிமிடத்தில் மீட்டரை மறந்துவிடலாம்.

இன்னொன்று. காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில். மயிலாப்பூருக்கு ஐந்து ரூபாய். திருமயிலை ஸ்டேஷனில் படி இறங்கும்போது அத்தை முனகினார். ஆனால் ஐந்து ரூபாய் என்றதும் முனகல் நின்றது.

மூன்று நாள் உள்ளூர்ப் போக்குவரத்து: பெங்களூரில் 1,900 ரூபாய், சென்னையில் 700.

சாப்பாட்டில் கணக்கு மாறுகிறது. பெங்களூரின் தர்ஷினி ஹோட்டல்கள் பட்ஜெட் குடும்பத்துக்கென்றே செய்தவை. கல்லாவில் டோக்கன், கவுன்டரில் தட்டு, நின்றபடியே சாப்பாடு. உட்கார இடம் இல்லாததால் இன்னொரு ரவுண்டு ஆர்டர் பண்ணத் தோன்றாது, அதிலேயே பாதிக் காசு மிச்சம். காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும் சௌசௌ பாத் ஒன்று வாங்கினால் இரண்டு பேர் காலைப் பசி அடங்கும். காபியை ஒன் பை டூ என்றால் முகம் சுளிக்காமல் இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுக்கிறார்கள். சென்னையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், பார்க்கிற பார்வையே வேறு. அத்தைக்கு மட்டும் நின்று சாப்பிடுவது பிடிக்கவில்லை. "ஏம்மா, இது என்ன, மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரி?" என்றார். அவருக்காக ஒரு வேளை காந்தி பஜாரில் 1943-லிருந்து நடக்கிற வித்யார்த்தி பவனில் வரிசையில் நின்று உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். அதையும் சேர்த்து மூன்று நாளைக்கு 2,700.

சென்னையில் சாதாரண நாளில் இதை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் மார்கழியில் போனால், கச்சேரி நடத்துகிற சபாக்களில் கேன்டீன் என்று ஒரு பொறி இருக்கிறது. வாழையிலை, இரண்டு பாயசம், ஏதோ கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி உபசரிப்பு. ஆளுக்கு ஐநூறு, நான்கு பேருக்கு இரண்டாயிரம் ஒரே மதியத்தில் போனது. வருத்தமில்லை. ஆனால் அதை ஒரு வேளையோடு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், உள்ளே போனபின் முடியாது. சென்னை மொத்தம் 3,900.

ரொம்பக் கையைக் கடித்தால் இரண்டு ஊரிலும் அரசு கேன்டீன் உண்டு. சென்னை அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பெங்களூர் இந்திரா கேன்டீனில் டிபன் ஐந்து, சாப்பாடு பத்து என்று 2017-இல் தொடங்கினார்கள். நம் ஊர் அண்ணா கேன்டீனில் எந்த வேளையும் ஐந்து ரூபாய்தான். மூன்று மாநிலத்திலும் சாப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன், தயிர் சாதத்தில் சென்னையை அடிக்க ஆளில்லை.

இனி மேடை. இங்கேதான் இரண்டு ஊரும் வேறு வேறு ஜாதி.

பெங்களூர் ஜே.பி. நகரில் ரங்கசங்கரா என்ற அரங்கம், நடிகர் சங்கர் நாக் நினைவாக 2004-இல் கட்டியது. திங்கள் தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம் உண்டு. இதுதான் அதன் பெரிய பலம்: நீங்கள் என்றைக்குப் போனாலும் ஏதாவது ஒரு நாடகம் இருக்கும். கன்னடம்தான் அதிகம், இந்தி, ஆங்கிலமும் வரும். எங்கள் டிக்கெட் ஆளுக்கு 250. ஆனால் ஒரு விதி: ஏழரை என்றால் ஏழரை. மணி அடித்துக் கதவு மூடினால் அப்புறம் யாருக்கும் திறக்காது.

அந்த விதி தெரிந்தேதான் நாங்கள் காந்தி பஜாரில் இரண்டாவது காபி சொன்னோம். "இன்னும் டைம் இருக்குங்க" என்று சொன்னது நான்தான், மறைப்பதற்கில்லை. நாங்கள் போய் இறங்கியபோது 7.34. வெளியே நின்று பார்த்தோம், உள்ளே சிரிப்பொலி கேட்டது. ஆயிரம் ரூபாய் போயிற்று. மகள் விடவில்லை, மறுநாள் இன்னொரு ஆயிரம் கொடுத்து ஆறரைக்கே போய் உட்கார்ந்தோம். ஆக மேடைக்கு 2,000. பெங்களூரில் நாடகம் உண்டென்றால் அந்த நாளின் சாப்பாடு, பஸ் எல்லாவற்றையும் ஏழரையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

சென்னைக்கு நேரத்தை விடக் காலண்டர் முக்கியம். டிசம்பரில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். எவ்வளவு லேட்டாகப் போனாலும் ஒரு பாட்டு முடிந்ததும் உள்ளே விடுவார்கள். காலை பத்துக்குப் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காசே இல்லாமல் மின்விசிறிக் காற்றும் சங்கீதமும். ஒரு நடன நிகழ்ச்சிக்கு மட்டும் ஆளுக்கு 200, மொத்தம் 800. ஆனால் மகள் கேட்டது நாடகம். டிசம்பரில் அது குறைவு. சபா நாடகத்துக்குச் சனி, ஞாயிறு பார்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிற கோடை நாடக விழாவுக்கு. வெயிலையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், இளநீர் சும்மா கிடைக்காது.

இந்தச் சபா நாடகங்களுக்கு எல்லை ஊர்க்காரர்களான நமக்கும் ஒரு பங்குண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கக் காரணமே, பெல்லாரியிலிருந்து வந்த குழு போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்ததுதான். இதைச் சொன்னபோது மகள், "அப்போ நம்ம பக்கம்தான் சீனியர்" என்றாள்.

கூட்டிப் பார்த்தால் பெங்களூர் 6,600, சென்னை 5,400. அந்த இரண்டாவது காபியை மட்டும் குடிக்காமல் இருந்திருந்தால் வித்தியாசம் வெறும் 200 ரூபாய். என் தீர்ப்பு: நாடகம்தான் முதல் நோக்கம் என்றால் பெங்களூர், லீவு எப்போது வந்தாலும். பெண்கள் அதிகமுள்ள குடும்பம், கச்சேரி, நடனம் எதுவானாலும் சரி என்றால் மார்கழியில் சென்னை. கணவர் ஓட்டு இன்னும் சென்னைக்குத்தான், அவர் கணக்கில் சினிமா டிக்கெட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

அத்தை இரண்டு ஊருக்கும் ஓட்டுப் போடவில்லை. ரங்கசங்கராவில் நாங்கள் பார்த்தது கர்ணன் கதை. ஒன்றரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டதும் திகைத்துப்போனார். "இன்னும் கர்ணன் சாகவே இல்லையே, அதுக்குள்ள எல்லாரும் எழுந்துட்டாங்களே!" திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் ராத்திரியில் விடிய விடிய மரத்தடியில் உட்கார்ந்து பழகிய கண் அது.

வெயில் காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் பாரதம் வைக்கிறார்கள். அதற்கான பட்ஜெட்டை அவரே போட்டுவிட்டார்: ஷேர் ஆட்டோ, வேர்க்கடலை இருபது ரூபாய்க்கு, வீட்டிலிருந்து ஒரு பாய்.