செயற்கை வால்வோடு ஏழு வருடம்: கரவெட்டியிலிருந்து என் அனுபவம்

போன கிழமை மச்சாள் ஒருவர் போன் எடுத்தார். இதயத்தில் இடது பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு போல இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இரும்பு வால்வா, மாட்டு வால்வா என்று யோசித்துக்கொண்டு வரச் சொன்னார்களாம். "நீர் போட்டு ஏழு வருசம், உமக்குத்தானே தெரியும், எது நல்லது?" என்று கேட்டார். "உங்கட வீட்டிலயிருந்து ஐ.என்.ஆர் பாக்கிற இடம் எவ்வளவு தூரம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். (ஐ.என்.ஆர் என்பது இரும்பு வால்வு போட்டவர்கள் அடிக்கடி செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை.) அவருக்கு விளங்கவில்லை. அன்று போனில் சொல்லி முடிக்க முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு தங்கியிருந்தோம். அப்போது எனக்குத் தொண்டை நோ வந்து, இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்தது. வயது 11. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் போய்விடும், இதய வால்வில் பட்ட காயம் போகாது, அது வருடக்கணக்கில் தடித்துச் சுருங்கிக்கொண்டே வரும். மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டிருக்க வேண்டும். சில மாதம் போட்டார்கள், பிறகு இடம் மாறிமாறி அது விடுபட்டுப் போனது. இப்போது பிள்ளைகளுக்கு அந்த ஊசி எழுதியிருந்தால் ஒரு மாதம்கூட விடாதீர்கள். இதை நான் காணும் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன்.

2018 இல், 34 வயதில், கிணற்றில் தண்ணீர் அள்ளினாலே மூச்சு வாங்கியது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்கலாம். மந்திகை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி எடுத்துவிட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கான்) செய்ததும் மைட்ரல் வால்வு பழுதாகிவிட்டது என்று தெரிந்தது.

வழிகள் நான்கு. வால்வு வெறுமனே ஒட்டிச் சுருங்கியிருந்தால், தொடையில் உள்ள இரத்தக்குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் விரித்துவிடலாம், நெஞ்சு திறக்கத் தேவையில்லை. என் வால்வில் சுண்ணாம்பு படிந்து கசிவும் இருந்ததால் அது சரிவராது என்றார்கள். வால்வைத் திருத்துவதும் முடியாது என்று ஆனது. மிச்சம் இரண்டு. ஒன்று மாட்டின் இதய உறையில் அல்லது பன்றியின் வால்வில் செய்தது, பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம் போகும், இளம் வயதுக்காரருக்கு அதிலும் சீக்கிரம் தேயும், பிறகு இன்னொரு ஒப்பரேசன். மற்றது எல்லோரும் இரும்பு என்று சொல்வது, உண்மையில் அது ஒருவகைக் காபன். ஆயுளுக்கும் தாங்கும், ஆனால் இரத்தம் உறையாமல் வைக்கும் வோபரின் என்ற குளிசையை ஆயுளுக்கும் குடிக்கவேண்டும். (மாடு என்றதும் அம்மா சாமியறைக்குப் போய் இருந்துவிட்டார். சைவ வீடுகளில் இது பெரிய விசயம். டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.)

பெண்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வோபரின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கூடாது, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில். இனிப் பிள்ளை வேண்டும் என்றால் அதை முதலிலேயே சொல்லவேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்ததால் காபன் வால்வைத் தெரிவு செய்தேன்.

ஒப்பரேசன் கொழும்பில், அரசாங்க ஆஸ்பத்திரியில், இலவசம். முறை வரக் காத்திருந்ததுதான் கஷ்டம். தனியாரில் உடனே செய்யலாம், ஆனால் காணியை ஈடு வைக்கவேண்டும். அப்படிப் போகிறவர்கள் ஒப்பரேசனுக்கு முதலே, செலவுக்கு உதவி தரும் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள், இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் இப்போது திறந்த இருதய சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நெஞ்செலும்பு கட்டிய புண்ணோடு இரவு பஸ்ஸில் வந்தவள் என்றபடியால் சொல்கிறேன், இங்கே செய்ய முடியும் என்று டொக்டர் சொன்னால் கொழும்புப் பெயருக்காக ஓடாதீர்கள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஒரு தலையணை, மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்காமை, இரண்டும் எங்கே செய்தாலும் உண்டு.

உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. ஐ.என்.ஆர் என்பது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண். மருந்து குடிக்காதவருக்கு 1 அளவில் இருக்கும், எனக்கு 2.5 க்கும் 3.5 க்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி பிடிக்கும், அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். கூடினால் இரத்தம் கசியும். குளிசையின் அளவை மாற்றினால் எண் மாற இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். முதல் இரண்டு வருடம் இதற்காகவே 750 ஆம் இலக்க பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வந்தேன். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, இரத்தம் கொடுத்து, துண்டு வாங்கி, கிளினிக்கில் இருந்து, மருந்து எடுத்து வீடு வர இரண்டு மணி. கூலி வேலை செய்கிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பார்க்கத் தொடங்கியதும் என் எண் நேராக வந்தது. மருந்தோ சாப்பாடோ மாறவில்லை. தூரம் குறைந்ததால் ஒரு தவணையும் விடவில்லை, அவ்வளவுதான்.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்து தபாலில் வந்தது. 2022 இல் பெற்றோல் இல்லை, சில மருந்துகளும் இல்லை, அப்போது அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய்வந்தேன். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மிஸ்மார் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருமுறை நான் வராததைக் கண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அனுப்பியதை மறக்கமாட்டேன்.

சாப்பாட்டில் ஊரில் எல்லோரும் "கீரை தொடாதை" என்பார்கள். அது சரியில்லை. கீரையில் உள்ள விட்டமின் கே வோபரினுக்கு எதிராக வேலை செய்யும், ஆனால் ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தை அதற்கு ஏற்றபடி வைப்பார்கள். நான் கிழமைக்கு இரண்டு நாள் முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ சாப்பிடுகிறேன். விரதம் என்று ஒரு மாதம் தினமும் கீரை, அப்புறம் ஒரு மாதம் இல்லை என்பதுதான் ஆபத்து.

எனக்கு நடந்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும். மூன்றாவது வருடம் இடுப்பு நோவுக்கு ஒரு தனியார் மருந்தகத்தில் டைக்குளோபினாக் என்ற நோ மருந்தை ஊசியாகப் போட்டு, ஐந்து நாளுக்குக் குளிசையும் தந்தார்கள். வோபரின் குடிக்கிறேன் என்று சொன்னேன், காதில் விழவில்லை. நாலாம் நாள் மலம் தார்போலக் கறுத்தது (வயிற்றுக்குள் இரத்தம் கசிந்ததன் அடையாளம்), தலை சுற்றியது. வீட்டுக்காரர் 1990 இலக்கத்துக்குப் போன் அடித்தார், அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கிளினிக் கொப்பியின் அட்டையில் "வோபரின்" என்று சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், பல்லுப் பிடுங்கப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவேன். பல்லுக்கு முன் அன்ரிபயோட்டிக் எடுக்கவும் வேண்டும், வால்வில் கிருமி பிடித்தால் பிறகு மிகவும் கஷ்டம்.

இரவில் வீடு அடங்கினால் வால்வு அடிப்பது கேட்கும், சுவர் மணிக்கூடு போல. முதல் மாதம் நித்திரை வரவில்லை. இப்போது அது கேட்டால்தான் நிம்மதி. அந்தச் சத்தம் மங்கினாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குளறினாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே போகச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

மச்சாளுக்கு 63 வயது, இருப்பது நெடுந்தீவில். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க அவரால் வர முடியுமா என்பதை டொக்டரிடம் இந்தச் சொற்களிலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன். மாட்டு வால்வு போட்டாலும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாவிட்டால் வோபரின் தொடர வேண்டிவரலாம், அதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். வருகிற செவ்வாய் அவருக்குக் கிளினிக். நானும் கூடப் போகிறேன்.