ஹோமர் புறா வாங்கப் போகிறீர்களா? 38,000 பறிகொடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்

பறவைகள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஹோமர், அதாவது தொலைவில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் பந்தயப் புறா வாங்கி 38,000 இழந்திருக்கிறேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்றவன் விஷயம் தெரிந்தவன். அதுதான் ஆபத்தே. அர்மாண்டோ என்ற பெல்ஜியப் புறா 2019இல் 12.5 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது, அடுத்த வருடமே நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்குப் போய் அதை முறியடித்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொன்னான். தன்னிடம் இருப்பது அந்த நியூ கிம்மின் பேத்தியாம்.

ரிங் நம்பர், அதாவது புறாவின் காலில் உள்ள வளையத்தின் அடையாள எண் கேட்டேன். "அண்ணே, அதை மட்டும் கேக்காதீங்க. போன தடவை ஒருத்தர் நம்பரை வாங்கிட்டுப் போய், அதை வெச்சே போலி பெடிக்ரி, அதான் வம்சாவளிச் சான்று, அடிச்சு வேற புறாவை வித்துட்டார். பணம் வந்ததும் ஓனர்ஷிப் கார்டோட அனுப்பறேன். இந்த ஃபீல்டுல அவ்வளவு ஃபிராடு, நீங்களும் ஜாக்கிரதையா இருங்க" என்றான். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எச்சரிக்கிறவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? வீடியோவும் வந்தது. இறக்கையை ஒவ்வொரு சிறகாக விரித்துக் காட்டினான், கண்ணை ஜூம் செய்தான். காலைக் காட்டும்போது மட்டும் கட்டைவிரல் ரிங்கின் மேலேயே இருந்தது. மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டேன்.

பெட்டி வந்தது. ஓனர்ஷிப் கார்டு இல்லை. புறாவைக் கையில் எடுத்து ரிங்கைத் திருப்பினால், பின்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டியதும் காய்ந்த பசை உதிர்ந்தது. பந்தயப் புறா ரிங்குக்கு மூட்டே கிடையாது. குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆகும்போது, விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துவிடுவார்கள். அப்புறம் கால் வளர்ந்துவிடும், கழற்றவும் முடியாது, வேறு புறாவுக்குப் போடவும் முடியாது. வெட்டி ஒட்டிய ரிங் என்றால் அது வேறு எதனுடைய காலிலோ இருந்தது.

இதைவிடக் கொடுமை ரிங்கில் இருந்த பிறந்த வருடம்: 18. நியூ கிம் பிறந்ததே 2018இல்தான், ஏலத்தின்போது அதற்கு வயது இரண்டு. ஆக, பாட்டியும் பேத்தியும் ஒரே வருடம் முட்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த அதிசயத்துக்குத்தான் 38,000. கலர் பிரிண்ட் பெடிக்ரி இலவசம்.

போன் செய்தேன். முதலில், "பயணக் களைப்புண்ணே, ரெண்டு நாள் போகட்டும்." நான் புறாவைப் பற்றியா கேட்டேன்? அப்புறம், "ரிங்கை நீங்களே வெட்டியிருப்பீங்க." கடைசியாக, "ஒரு வாரம் கழிச்சுத் திறந்து விடுங்க, பழகிடும்." எப்படிப்பட்ட ஆள் பாருங்கள். வளர்ந்த ஹோமரைத் திறந்துவிட்டால் அது பழகிய பழைய கூட்டுக்குத்தான் பறக்கும். அங்கே அவன் பிடித்து அடுத்தவருக்கு விற்பான். இதைச் சொன்னதும் பிளாக்.

தளத்தில் புகார் கொடுத்தேன். "உயிருள்ளவற்றுக்கு ரிட்டர்ன் இல்லை" என்று ஒரே வரி. ரிட்டர்ன் கேட்கவில்லை, ஆளைப் பிடித்து 38,000ஐ வாங்கிக் கொடுங்கள் என்று திரும்ப எழுதினேன். "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று பதில். அவன் விளம்பரம் இன்னும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

புறா வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. ரிங் நம்பர் தராதவனிடம் வாங்காதீர்கள். நம்பர் கிடைத்தால் அதை வழங்கிய கிளப்பிலோ சங்கத்திலோ கேளுங்கள். ரிங்கை முழுசாக ஒரு சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரிய வம்சம் என்றால் டிஎன்ஏ அறிக்கை கேளுங்கள், இறகை வைத்தே பரிசோதிக்கிறார்கள். வளர்ந்த புறாவைப் பறக்கவிட வாங்காதீர்கள், குஞ்சாக வாங்குங்கள். ஏற்கெனவே அவனிடம் மாட்டியவர்கள் வாய்ஸ் மெசேஜ், வீடியோ எதையும் அழிக்காதீர்கள், புகார் கொடுக்கத் தேவைப்படும். புறாவைத் தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்.