இரண்டாம் பாகம் வராத முதல் பாகம்: ‘இம்பீரியல் கமாண்டோ 501’ நாவல் மதிப்புரை

கேரன் ட்ராவிஸ் எழுதி, 2009 அக்டோபரில் டெல் ரே பதிப்பகம் வெளியிட்ட ‘இம்பீரியல் கமாண்டோ 501’ என்னும் ஸ்டார் வார்ஸ் நாவலை வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, இந்தக் கதை முடியவில்லை என்பதைத்தான். முடிவை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடும் நாவல் வகையில் இதைச் சேர்க்க இயலாது. தொடர்ந்து வரவிருந்த இரண்டாம் பாகத்தை நம்பி எழுதப்பட்ட முதல் பாகம் இது; அந்த இரண்டாம் பாகம் ரத்தாகிவிட்டது. ஆகவே இந்நூலை மதிப்பிடுகிறவர் கதை எப்படி இருக்கிறது என்பதோடு, அது ஏன் பாதியில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ கேமையோ ஒட்டி, அதன் உரிமையாளரின் அனுமதியுடன் எழுதப்படும் டை-இன் நாவல்களை விளம்பரத் துண்டுச்சீட்டின் சற்றே தடித்த வடிவமாகவே பலரும் பார்க்கிறார்கள். இந்த வரிசையும் அப்படித்தான் தொடங்கியது. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ரிபப்ளிக் கமாண்டோ’ கேம் 2005இல் வெளிவரவிருந்தது. அதற்கு முன்னோட்டமாக 2004இல் ‘ஹார்ட் காண்டாக்ட்’ நாவல் வந்தது. ஆனால் பத்திரிகையாளராகவும் பாதுகாப்புத் துறைச் செய்தியாளராகவும் பணியாற்றிய பிரிட்டிஷ் எழுத்தாளரான ட்ராவிஸுக்குக் கேமைவிடப் படைவீரர்களே முக்கியமாகப் பட்டார்கள். ஒரே மனிதனின் நகல்களாகப் பரிசோதனைக் கூடத்தில் உருவாக்கப்பட்டு, சாதாரண மனிதரைப் போல் இரு மடங்கு வேகத்தில் முதுமையடையும் குளோன் வீரர்கள், சம்பளமும் குடியுரிமையும் இல்லாமல் யாருக்காகப் போரிடுகிறார்கள் என்ற கேள்வியை எழுப்பி, 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று நாவல்களில் அவர் அதைத் தொடர்ந்தார். கேமுக்கு அடுத்த பாகம் வரவில்லை. ‘இம்பீரியல் கமாண்டோ’ என்ற பெயரில் ஒன்று யோசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட கேமின் பெயரைத் தாங்கி வந்த நாவல் வரிசையும் அதே கதிக்கு ஆளானதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கதை, குடியரசு வீழ்ந்து பேரரசு எழுந்த முதல் சில வாரங்களில் நிகழ்கிறது. குடியரசைக் காத்துவந்த மாயசக்தி வீரர்களான ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் 66ஆம் ஆணை நிறைவேறிய இரவில், முந்தைய நாவலின் இறுதியில், டார்மன் என்ற குளோன் வீரன் தன் மனைவி எடெய்னைக் கண்ணெதிரே இழந்தான். ஜெடாயான அவள், தப்பியோடும் இன்னொரு ஜெடாயின் வாள் ஒரு சாதாரண குளோன் வீரன்மேல் விழாமல் குறுக்கே பாய்ந்து இறந்தாள். அதே இரவில் அவனுடைய தோழன் நைனர் படுகாயமடைந்தான். அவனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் டார்மனும் நகரத்திலேயே தங்கிவிட்டான். இப்போது இருவரும் 501ஆவது படையணியின் கருப்புக் கவசம் அணிந்து, தலைமறைவாக இருக்கும் ஜெடாய்களையும் படையை விட்டு ஓடிய குளோன்களையும் வேட்டையாட வேண்டியவர்கள். அந்த ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் இவர்களுடைய சொந்தச் சகோதரர்கள். டார்மனின் கைக்குழந்தை காட், மாண்டலோர் கிரகத்தின் காட்டுப் பகுதியில் உள்ள பண்ணை வீட்டில், குளோன்களுக்குப் பயிற்சி அளித்து அவர்களைத் தன் மகன்களாகவே ஏற்றுக்கொண்ட கால் ஸ்கிராட்டாவின் பாதுகாப்பில் வளர்கிறான்.

அமைப்பு நல்ல அமைப்பு. பேரரசின் உட்புறத்தைக் காட்டும் அத்தியாயங்கள் இவ்வரிசையின் மிகச் சிறந்த பக்கங்களுள் அடங்கும். புதிய ஆட்சியில் உத்தரவுகள் எழுத்தளவில் பழையபடியே வருகின்றன, உணவுக்கூடம் அதே மணிக்கு இயங்குகிறது, ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவனிடம் என்ன பேசலாம் என்று தெரியவில்லை. சர்வாதிகாரத்தை இப்படிப் படைவீரர் குடியிருப்பின் மட்டத்திலிருந்து காட்டுவது, கருப்பு முகமூடியுடன் நடந்துவரும் பேரரசின் தளபதி டார்த் வேடரைக் காட்டுவதைவிட அச்சமூட்டுகிறது. மனைவியை இழந்த டார்மன் தன் துயரத்தை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டவனைப் போல நடந்துகொள்வதும், நைனர் அவனைக் குழந்தையைக் கவனிப்பதுபோல் கவனிப்பதும் மிகையின்றி எழுதப்பட்டிருக்கின்றன.

பண்ணை வீட்டுப் பகுதிக்கு இதே பாராட்டைத் தர முடியவில்லை. அங்கே ஆட்கள் அதிகம், சமையலறை உரையாடல்கள் அதைவிட அதிகம். ஸ்கிராட்டா சொல்வதெல்லாம் வேதவாக்கு. அவரை எதிர்த்துப் பேசும் எவரும் ஓரிரு பக்கங்களில் மனம் மாறிவிடுகிறார்கள். ஜெடாய்களின் குற்றங்களை ஆசிரியர் பட்டியலிடுவது முதல் இரண்டு நாவல்களில் கூர்மையான விமர்சனமாக இருந்தது. ஐந்தாவது நாவலில் அது பாராயணமாகிவிட்டது. அடைக்கலம் தேடி வரும் முதிய ஜெடாய் கினா ஹாவைக் கொண்டு இந்த ஒருதலைப் பார்வையை ஆசிரியரே சோதித்துப் பார்க்கத் தொடங்குகிறார் என்பது உண்மை. ஆனால் தொடங்குவதோடு நின்றுவிடுகிறது.

‘தொடங்குவதோடு நின்றுவிடுகிறது’ என்ற தொடரை இந்நூலின் ஏறக்குறைய எல்லா இழைகளுக்கும் எழுதலாம். குளோன்களின் விரைவு முதுமைக்கு மருந்து காணும் பொறுப்பு டாக்டர் உத்தானிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆய்வு நடக்கிறது, முடிவு வரவில்லை. டார்மனையும் நைனரையும் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் நூல் முழுவதும் தீட்டப்படுகிறது. கடைசிப் பக்கத்திலும் அவர்கள் பேரரசின் படையிலேயே இருக்கிறார்கள். இரண்டாம் பாகம் வந்திருந்தால் இவை நிதானமான தயாரிப்பு என்று பாராட்டப்பட்டிருக்கும். அது வராத நிலையில், விருந்துக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, பரிமாறாமல் பந்தியை எழுப்பியதுபோல் இருக்கிறது.

அது ஏன் வரவில்லை என்பதற்கு விற்பனைக் குறைவைக் காரணமாகக் காட்ட முடியாது. கதைக்களத்தின் அடித்தளமே மாற்றப்பட்டதுதான் காரணம். 2008 ஆகஸ்டில் ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் படம் வெளியாகி, அக்டோபரில் அதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அந்தப் படத்தின் நாவல் வடிவத்தை எழுதியவரே ட்ராவிஸ்தான்; தொடரை ஒட்டி 2009இல் ‘நோ பிரிசனர்ஸ்’ நாவலையும் எழுதினார். ஆனால் அத்தொடர் மாண்டலோர் கிரகத்தைத் தன் விருப்பப்படி புதிதாகப் படைக்க முற்பட்டது. 2010 ஜனவரி இறுதியில் தொடங்கி ஒளிபரப்பான அத்தியாயங்களில் மாண்டலோர், கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் நகரங்கள் அமைந்த வெண்பாலையாக வந்தது. அதை ஆண்டது போரை வெறுக்கும் சீமாட்டி சட்டீன். போர்க்குடியினர் கன்கார்டியா நிலவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள். ட்ராவிஸின் மாண்டலோரோ காடும் வயலும் நிறைந்தது. அங்கே உழவரும் கொல்லரும் கூலிப்படையினரும் ஒருவரே. இனத்தால் அல்லாமல் மொழியாலும் தத்தெடுப்பாலும் மட்டுமே ஒருவர் மாண்டலோரியர் ஆகிறார். இந்த இரண்டு மாண்டலோர்களும் ஒரே கதையுலகில் இருக்க முடியாது.

இத்தகைய மோதலில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் தன் கதைகளின் அதிகாரப்பூர்வத் தன்மையை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரித்து ஹோலோக்ரான் என்ற தரவுத்தளத்தில் பராமரித்து வந்தது. ஜார்ஜ் லூகாஸின் திரைப்படங்கள் உச்சியில், அடுத்து தொலைக்காட்சி, நாவல்களும் காமிக்ஸும் அதற்குக் கீழே. டை-இன் நாவலின் ஒப்பந்தமும் இதையே சொல்கிறது: எழுத்தாளர் கூலிக்கு எழுதுகிறார், காப்புரிமை நிறுவனத்துக்கு, அவர் புதிதாகப் படைத்த பாத்திரங்களும் நிறுவனத்துக்கே. கதைச் சுருக்கம் ஒப்புதல் பெற வேண்டும், கைப்பிரதி ஒப்புதல் பெற வேண்டும். குத்தகை நிலத்தில் கிணறு வெட்டினாலும் கிணறு நிலக்காரருடையதுதான்.

ட்ராவிஸின் முன் இருந்த வழிகள் இரண்டு: ஐந்து நாவல்களில் கட்டிய சமூகத்தைத் தொடருக்கு ஏற்ப வளைத்து எழுதுவது, அல்லது எழுதாமல் விடுவது. அவர் 2009இலேயே இரண்டாவதைத் தேர்ந்து ஸ்டார் வார்ஸிலிருந்து விலகினார். இன்னொரு எழுத்தாளரின் பெயரிலும் அந்த இரண்டாம் பாகம் வரவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று ரசிகர்களில் ஒரு சாரார் இன்றும் குறைகூறுகிறார்கள். அண்டம் தழுவிய போரை நடத்தக் குளோன் படையில் முப்பது லட்சம் பேர் போதுமா என்ற கணக்கில் அவருக்கும் ரசிகர்களுக்கும் நடந்த சண்டையை நினைத்துப் பார்த்தால், விட்டுக்கொடுக்கும் சுபாவம் அவருக்குக் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் முடிவையே நான் சரியெனக் கருதுகிறேன். ‘501’ நாவலின் கதையே மாண்டலோரின் அந்தப் பண்ணை வீட்டை நம்பி நிற்கிறது. கண்ணாடிக் குவிமாடத்துக்குள் அந்த வீட்டை எப்படி மாற்றிக் கட்டுவது? வேறு களத்தில் நிகழும் மேலோட்டமான சாகச நாவலாக இருந்திருந்தால், இரண்டு பெயர்களை மாற்றி அடுத்த பாகத்தை அச்சிட்டிருக்கலாம். ஆழமாக வேர்விட்டதால்தான் இவ்வரிசை மற்ற டை-இன் நாவல்களைவிட உயர்ந்து நின்றது. அந்த வேரால்தான் இடம் மாற்றி நட முடியாமலும் போனது.

எல்லா ரத்துகளும் இப்படி நேர்வதில்லை. 2009ஆம் ஆண்டின் ஸ்டார் ட்ரெக் படத்தைத் தொடர்ந்து அதே கதையுலகில் நான்கு நாவல்கள் அறிவிக்கப்பட்டு, 2010 தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த படங்கள் எந்தத் திசையில் செல்லும் என்பது முடிவாகாத நிலையில், முன்கூட்டி எவரும் எதையும் எழுதிவிட வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். அவற்றில் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதியதும் டேவிட் மேக் எழுதியதும் பத்து ஆண்டுகள் கிடப்பில் இருந்துவிட்டு 2020இல் வெளிவந்தன. ஸ்டார் வார்ஸ் பாத்திரமான ஜெய்னா சோலோவை நாயகியாகக் கொண்டு கிறிஸ்டி கோல்டன் எழுதவிருந்த ‘ஸ்வார்ட் ஆஃப் தி ஜெடாய்’ மூன்று நாவல்களின் கதை வேறு: 2012 ஆகஸ்டில் அறிவிப்பு, அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்குவதாக அறிவிப்பு, பிறகு புதிய திரைப்படங்களுக்கு இடம் வேண்டும் என்பதால் ரத்து. அதே கோல்டன் 2015இல் எழுதிய ‘டார்க் டிசைப்பிள்’, படமாக்கப்படாமல் கைவிடப்பட்ட ‘தி குளோன் வார்ஸ்’ அத்தியாயங்களை அடிப்படையாகக் கொண்டது. நாவல்களை விழுங்கிய தொலைக்காட்சித் தொடர் தானே ரத்தாகி, ஒரு நாவலுக்குள் அடைக்கலம் புகுந்தது.

ட்ராவிஸ் விட்டுக்கொடுத்து எழுதியிருந்தாலும் பயன் நீடித்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014இல் 66ஆம் ஆணைக்குக் காரணம் குளோன்களின் மூளையில் பொருத்தப்பட்ட சில்லுதான் என்று அதே தொடர் காட்டியது. ஆணைக்குக் கீழ்ப்படிவதா மறுப்பதா என்று தாங்களே தீர்மானிக்கும் வீரர்களைப் பற்றிய இந்த நாவல்களின் அறவியல் அடிப்படை அத்துடன் தகர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பழைய நாவல்கள் அனைத்தும் அதிகாரப்பூர்வக் கதைத்தொடர்ச்சியிலிருந்து விலக்கப்பட்டு ‘லெஜண்ட்ஸ்’ என்ற முத்திரையின் கீழ் ஒதுக்கப்பட்டன. ஆனால் மாண்டலோரியருக்காக ட்ராவிஸ் வளர்த்தெடுத்த மொழி மட்டும் பிழைத்துக்கொண்டது. 2019இல் தொடங்கிய ‘தி மாண்டலோரியன்’ தொடரில் மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கப்படும் ‘பெஸ்கார்’ என்ற உலோகப் பெயர் அவருடையது.

வாங்கலாமா என்றால், இந்த நூலை மட்டும் தனியாக வாங்குவது வீண். பாத்திரங்கள் யாரென்றே விளங்காது. ‘ஹார்ட் காண்டாக்ட்’ நாவலில் தொடங்குங்கள். ஒரே கிரகம், நான்கு வீரர்கள், ஒரு அனுபவமற்ற ஜெடாய் என்று கட்டுக்கோப்பாக எழுதப்பட்ட அது தனியாகப் படிப்பதற்கும் நிறைவானது. பிடித்திருந்தால் ‘ட்ரிபிள் ஜீரோ’, ‘ட்ரூ கலர்ஸ்’, ‘ஆர்டர் 66’ என்று தொடரலாம். நான்காவது நாவல் துயரமானதுதான், ஆனால் அதை ஒரு முடிவாக ஏற்றுக்கொள்ள முடிகிறது; பெரும்பாலானோர் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் டார்மன் என்ன ஆனான் என்று மனம் அடங்காதவர்கள் மட்டும் ‘501’ நாவலை எடுக்கட்டும். படைக்குடியிருப்பு அத்தியாயங்களை நிதானமாகவும், பண்ணை வீட்டு அத்தியாயங்களைச் சற்று வேகமாகவும் படிக்கலாம். டார்மன் வீடு திரும்புவதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அது அச்சேறாத பாகத்தில் இருக்கிறது.