விலை விளைவைப் பிரிக்க ஸ்லட்ஸ்கியா, ஹிக்ஸா?

ஒரு பொருளின் விலை குறைந்தால் அதைக் கூடுதலாக வாங்குகிறோம். அதில் எவ்வளவு பதிலீட்டு விளைவு (மற்றதைவிட மலிவானதால் இதற்கு மாறுவது), எவ்வளவு வருமான விளைவு (கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி கூடியதால் வாங்குவது)? இடைநிலை நுண்ணியல் பொருளாதாரத்தில் மாணவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பொருளாதார அறிஞர் யூஜின் ஸ்லட்ஸ்கி 1915இல் ஓர் இத்தாலிய இதழில் ஒரு வழி சொன்னார். இன்னொரு பொருளாதார அறிஞர் ஜான் ஹிக்ஸ் 1930களில் இன்னொன்றை வளர்த்தெடுத்தார்.

பதிலீட்டு விளைவைத் தனியே காண, விலை குறைந்ததும் நுகர்வோரிடமிருந்து கணக்கில் எவ்வளவு பணத்தைக் கழிப்பது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். பழைய கூடையை, அதாவது முன்பு வாங்கிய பொருள்களை, அப்படியே வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கட்டும் என்பது ஸ்லட்ஸ்கி வழி. பழைய திருப்தி கிடைத்தால் போதும் என்பது ஹிக்ஸ் வழி.

கணக்கில் பார்த்துவிடலாம். கையில் 120 ரூபாய். எலுமிச்சை 4 ரூபாய், இன்னொரு பண்டம் 1 ரூபாய். இரண்டின் அளவையும் பெருக்கினால் வருவது பயன்பாடு, அதாவது திருப்தியின் அளவு, என்று வைத்துக்கொள்வோம். அப்போது 15 எலுமிச்சையும் அந்தப் பண்டத்தில் 60உம் வாங்குவோம்; பயன்பாடு 900. எலுமிச்சை 1 ரூபாய்க்கு இறங்கினால் 60 வாங்குவோம். அதாவது 45 கூடுதல்.

ஸ்லட்ஸ்கி கணக்கில் பழைய கூடைக்கு இப்போது 75 ரூபாய் போதும். அந்தப் பணத்தில் வாங்குவது 37.5. ஆக, பதிலீட்டு விளைவு 22.5, வருமான விளைவும் 22.5. ஹிக்ஸ் கணக்கில் 900 பயன்பாட்டை எட்ட 60 ரூபாயே போதும், வாங்குவது 30. பதிலீடு 15, வருமானம் 30. அதே 45தான், பிரிவுதான் வேறு. ஸ்லட்ஸ்கி விட்டுவைக்கும் 75 ரூபாயில் பயன்பாடு 1,406ஐத் தாண்டுகிறது. பழைய கூடையை வாங்க முடிகிறவர் அதைவிட நல்ல கூடைக்கு மாறிக்கொள்கிறார் என்பதே காரணம். விலை மாற்றம் மிகச் சிறியது என்றால் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

முதலில் ஸ்லட்ஸ்கியைப் படியுங்கள் என்பேன். விலையும் வாங்கிய அளவும் தெரிந்தாலே ஈட்டுத்தொகையை, அதாவது விலை மாற்றத்துக்கு ஈடாகக் கழிக்க அல்லது சேர்க்க வேண்டிய பணத்தை, கண்டுவிடலாம். யாருடைய மனத்திருப்தியையும் அளக்க வேண்டாம். அகவிலைப்படி நிற்பதும் இந்த எண்ணத்தில்தான். ஒரு நிலையான கூடையின் விலை எவ்வளவு ஏறியது என்று பார்த்துத்தான் படி உயர்த்துகிறார்கள்.

அப்படியானால் ஹிக்ஸ் எதற்கு? ஒரு வரி மக்கள் நலனை எவ்வளவு குறைத்தது என்று அளக்கும்போது அவர் இல்லாமல் முடியாது. அங்கே கூடையைப் பார்த்துப் பயனில்லை, திருப்தியைத்தான் பார்க்க வேண்டும். படத்திலும் அவர் வழி தெளிவு: புதிய விலைக் கோட்டுக்கு (கைப்பணத்தில் வாங்க முடிகிற கூடைகளைக் காட்டும் கோடு) இணையாக, பழைய சமநோக்கு வளைகோட்டை (ஒரே திருப்தி தரும் கூடைகளை இணைக்கும் கோடு) தொடும்படி ஒரு கோடு. ஸ்லட்ஸ்கிக்கு அதே சாய்வில், பழைய கூடைப் புள்ளி வழியே. தேர்வில் கோட்டை வரையும் முன் கேள்வியில் எவர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.